பெடிக்கிள் திருகின் பிடிப்பை எதில் சோதிப்பது? செயற்கை நுரை, விலங்கெலும்பு, மனித எலும்பு: ஓர் ஒப்பீடு

முதுகெலும்பில் செலுத்தப்படும் திருகு எலும்பை எவ்வளவு உறுதியாகப் பற்றும் என்று அளக்க முனைபவருக்கு இழுக்கும் இயந்திரத்தைத் தேர்வது எளிது. எதிலிருந்து இழுப்பது என்று தீர்மானிப்பதுதான் கடினம். மூடிய நுண்ணறைகள் கொண்ட பாலியூரித்தேன் நுரைக்கட்டி, திறந்த நுண்ணறைகள் கொண்ட நுரை, புறணி எனப்படும் கெட்டியான வெளிப்படலத்தையும் உள்ளெலும்பையும் தனித்தனிப் பொருள்களால் வார்த்த முழு முள்ளெலும்பு மாதிரி, கன்று அல்லது ஆட்டின் முள்ளெலும்பு, உடற்கொடையில் கிடைத்த மனித முள்ளெலும்பு ஆகிய ஐந்தும் இன்று பயன்பாட்டில் உள்ளன. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இரண்டு மரை வடிவங்களில் எது வலுவானது என்று அறிய விரும்புபவருக்கும், அடர்த்தி குறைந்து மெலிந்த எலும்பில் சிமென்ட் நிரப்பினால் என்ன ஆகும் என்று அறிய விரும்புபவருக்கும் ஒரே மாதிரி பொருந்துவதில்லை. எனினும் வடிவமைப்புகளை ஒப்பிடும் பெரும்பாலான ஆய்வுகளை நுரையில் தொடங்குவதே நேர்மையான வழி என்பதும், நுரையில் கிடைத்த எண்ணை நோயாளியின் முதுகுக்குரிய எண்ணாகச் சொல்வது பிழை என்பதும் என் உறுதியான கருத்து. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொண்டு எப்படித் தேர்வது என்பதே இங்கு எழுதப்படுவது.

முதலில், இந்தத் திருகிடம் உடல் எதை எதிர்பார்க்கிறது என்று பார்த்துவிடலாம். பிரான்சில் எலும்பு அறுவை மருத்துவர் ரேமோன் ருவா-கமீய் 1963இல் பயன்படுத்தத் தொடங்கிய பெடிக்கிள் திருகு, முள்ளெலும்பின் பின்பக்கத்திலிருந்து பெடிக்கிள் எனப்படும் குறுகிய எலும்புப் பாலத்தின் வழியே நுழைந்து, அந்த முள்ளெலும்பின் முன்பக்கத்துத் திரண்ட உடற்பகுதியில் முடிகிறது. பெடிக்கிளைச் சுற்றிக் கெட்டியான புறணி எலும்பு ஒரு குழாய்போல் அமைந்திருக்கிறது. உடற்பகுதியின் உட்புறமோ பஞ்சுபோன்ற வலைப்பின்னல். 1997இல் ஹிரானோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வின்படி, திருகைப் பிடுங்கும் விசையில் ஏறத்தாழ 60 விழுக்காடும், தலை-கால் திசையில் ஆட்டும்போது காட்டும் விறைப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடும் பெடிக்கிளால் கிடைப்பவை. உடற்பகுதியின் பங்கு எஞ்சியது மட்டுமே. இந்த ஓர் உண்மையை மனத்தில் நிறுத்திக்கொண்டால், எங்கும் ஒரே அடர்த்தி கொண்ட ஒரு நுரைக்கட்டி எதைக் காட்ட வல்லது, எதைக் காட்ட இயலாது என்பது பாதி விளங்கிவிடும்.

நுரைக்கட்டி: அதன் பலம் எங்கே இருக்கிறது

மூடிய நுண்ணறைப் பாலியூரித்தேன் நுரைக்கென்றே, ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிலை அமைப்பு வெளியிட்ட எஃப் 1839 என்ற தரநிலை இருக்கிறது. 5, 10, 15, 20, 40 என்பன போன்ற அதன் தர எண்கள் ஒரு கன அடிக்கு எத்தனை பவுண்டு என்ற அடர்த்தியைக் குறிக்கின்றன. தரம் 10 என்பது ஒரு கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோகிராம். தரம் 20 என்பது சுமார் 320 கிலோகிராம். மெலிந்த முதுகெலும்பைக் குறிக்கத் தரம் 5 அல்லது 10, நல்ல எலும்பைக் குறிக்கத் தரம் 15 அல்லது 20 என்று தேர்வது ஆய்வாளர்களிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்த நுரை மனித எலும்பின் அல்லது விலங்கெலும்பின் இயந்திரப் பண்புகளை அப்படியே பிரதிபலிக்க உருவானதன்று என்று தரநிலையே வெளிப்படையாகச் சொல்கிறது. சோதனைக் கருவிகளையும் திருகுகளையும் ஒரே மாதிரியான பொருளில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஆய்வறிக்கைகளின் முறைப் பகுதியில் இந்தத் தரநிலையை மேற்கோள் காட்டிவிட்டு, முடிவுரையில் அதே தரநிலையின் இந்த எச்சரிக்கையை மறந்துவிடும் பழக்கம் பரவலாக இருப்பது வருத்தத்துக்குரியது.

நுரையின் உண்மையான பலம் மாறாத தன்மை. மாதிரிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுப் பார்த்தாலே இது புலப்படும். இரண்டு திருகுகளுக்கு இடையே 15 விழுக்காடு வேறுபாடு உண்மையில் இருக்கிறது என்று கொள்வோம். அளவீடுகளின் சிதறல் சராசரியில் 5 விழுக்காடாக இருக்குமானால், அந்த வேறுபாட்டை வழக்கமான 80 விழுக்காடு உறுதியோடு கண்டறிய ஒவ்வொரு வகையிலும் நான்கைந்து சோதனைகள் போதும். சிதறல் 30 விழுக்காடாக இருந்தால் ஒவ்வொரு வகைக்கும் அறுபதுக்கு மேற்பட்ட மாதிரிகள் தேவைப்படும். கவனமாகச் செய்த நுரைச் சோதனை முதல் நிலைக்கு அருகில் இருக்கும்; வெவ்வேறு வயதினரின் எலும்புகளை இணை சேர்க்காமல் கலந்து பயன்படுத்தும் சோதனை எளிதாக இரண்டாம் நிலைக்குப் போய்விடும். மனித எலும்பில் எட்டுப் பத்துச் சோதனைகள் செய்து, வேறுபாடு இல்லை என்று அறிவிக்கும் ஓர் ஆய்வு பெரும்பாலும் சொல்லத்தக்கது, வேறுபாட்டைக் காணும் ஆற்றல் தன்னிடம் இல்லை என்பதைத்தான்.

இந்த மாறாத தன்மை தானாக வந்துவிடுவதில்லை. ஒரு திருகை நேராகப் பிடுங்க எவ்வளவு விசை வேண்டும் என்று முன்கூட்டியே கணிக்க, 1996இல் சாப்மனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சூத்திரம் ஒன்று உண்டு. பொருளின் வெட்டு வலிமை (அறுபட்டு நழுவுவதை எதிர்க்கும் வலிமை), உள்ளே சென்ற மரையின் நீளம், திருகின் வெளிவிட்டத்தைக் கொண்டு பெறும் சுற்றளவு, மரை வடிவக் காரணி ஆகிய நான்கையும் பெருக்கினால் அந்த விசை கிடைக்கும். மரை வடிவக் காரணி என்பது, மரையின் ஆழத்தை மரையிடைவெளியால் வகுத்து 0.57735ஆல் பெருக்கி, அதோடு 0.5ஐக் கூட்டக் கிடைப்பது. வெளிவிட்டம் 6.5 மி.மீ., மரை ஆழம் 1.25 மி.மீ., மரையிடைவெளி 2.75 மி.மீ. கொண்ட திருகு 20 மி.மீ. ஆழம் சென்றிருப்பதாக எடுத்துக்கொள்வோம். தரம் 10 நுரையின் வெட்டு வலிமை சுமார் 1.6 மெகாபாஸ்கல், சூத்திரம் தரும் விசை ஏறத்தாழ 500 நியூட்டன். தரம் 20இல் வெட்டு வலிமை சுமார் 4.3 மெகாபாஸ்கல், விசை 1,340 நியூட்டனை ஒட்டி வரும். தரம் 5இல் அதே திருகுக்கு 180 நியூட்டன் அளவே கிடைக்கும்.

இப்போது திருகின் பக்கம் திரும்புவோம். மற்றவை மாறாதிருக்க, விட்டத்தை 5.5இலிருந்து 6.5 மி.மீ. ஆக்கினால் 18 விழுக்காடு கூடுகிறது. மரையிடைவெளியை 2.75இலிருந்து 2.2 மி.மீ. ஆகக் குறைத்தால் கிடைக்கும் ஆதாயம் சுமார் 9 விழுக்காடு. வடிவமைப்பாளர் பல மாதங்கள் உழைத்து மாற்றும் அம்சங்கள் இந்த அளவு வேறுபாட்டையே தருகின்றன. நுரையின் அடர்த்தியை இரட்டிப்பதோ விசையை இரண்டரை மடங்குக்கும் மேலாக உயர்த்திவிடுகிறது. ஆகவே நுரையின் அடர்த்தியில் நேரும் சிறு தடுமாற்றம்கூட ஆய்வின் முடிவை விழுங்கிவிடக்கூடும். தரநிலை ஒவ்வொரு தரத்துக்கும் அடர்த்தியில் கூடவோ குறையவோ 10 விழுக்காடு அளவுக்கு இடம் தருகிறது. மேலே சொன்ன எண்களின் போக்கைப் பின்பற்றிக் கணக்கிட்டால், அனுமதிக்கப்பட்ட கீழ் எல்லையில் உள்ள கட்டிக்கும் மேல் எல்லையில் உள்ள கட்டிக்கும் இடையே பிடுங்கு விசையில் மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு வர இடமிருக்கிறது. ஒரு திருகை ஒரு தொகுதிக் கட்டியிலும் மற்றொன்றை அடுத்த தொகுதிக் கட்டியிலும் சோதித்துவிட்டு 15 விழுக்காடு முன்னேற்றம் என்று அறிவித்தால், முன்னேறியது திருகா நுரையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கட்டியையும் எடைபோட்டு அளந்து அடர்த்தியைக் குறித்துக்கொள்வது, ஒப்பிடப்படும் திருகுகள் அனைத்தும் ஒரே கட்டியில் இடம் மாற்றி மாற்றி வருமாறு குலுக்கித் தேர்வது, நுரை பொங்கி எழுந்த திசையைக் குறித்து எல்லாத் திருகுகளையும் அதே திசையில் செலுத்துவது ஆகிய மூன்றுக்கும் செலவு ஏதுமில்லை. இவற்றைச் செய்யாத நுரைச் சோதனையை நான் நம்புவதில்லை.

இந்தச் சூத்திரம் இன்னொரு பாடத்தையும் தருகிறது. சீரான நுரையில் விட்டம், மரை ஆழம், மரையிடைவெளி ஆகியவற்றை மட்டும் மாற்றிச் செய்யும் சோதனை, ஏற்கெனவே தெரிந்த கணக்கை மீண்டும் சரிபார்க்கும் வேலையாகவே பெரும்பாலும் முடிகிறது. நுனியின் வடிவம், வெட்டுப் பள்ளங்கள், கூம்பி வரும் உள்தண்டு, மரையின் முன்பக்கச் சரிவு, பக்கத் துளைகள் போன்று சூத்திரத்துக்குள் இடம்பெறாத அம்சங்களில்தான் சோதனைக்கு உண்மையான வேலை இருக்கிறது.

நுரை பொய் சொல்லும் இடங்கள்

சீரான கட்டியில் பெடிக்கிளின் புறணி இல்லை. ஆகவே புறணியைக் கவ்வுவதையே நோக்கமாகக் கொண்ட எந்த வடிவமைப்பையும் அதில் மதிப்பிடக் கூடாது. புறணி எலும்புப் பாதை எனப்படும், உள்ளிருந்து வெளிப்புறமாகவும் மேல்நோக்கியும் செல்லும் திருகுப் பாதை இதற்குத் தெளிவான சான்று. 2009இல் சான்டோனியும் உடன் ஆய்வாளர்களும் மனித முள்ளெலும்பில் செய்த சோதனையில், இந்தப் பாதையில் சென்ற திருகுகள் மரபான பாதையைவிடச் சுமார் 30 விழுக்காடு கூடுதல் பிடுங்கு விசையைக் காட்டின. அதே இரு திருகுகளையும் ஒரு நுரைக்கட்டியில் வைத்துப் பார்த்தால், புறணிப் பாதைத் திருகு மெலிந்தது, குட்டையானது என்பதால் தோற்றுப்போகும். நுரையில் கிடைக்கும் அந்த விடை தவறான விடை என்பதைவிட, தொடர்பற்ற கேள்விக்குக் கிடைத்த விடை என்பதே பொருந்தும்.

அடுத்தது சிமென்ட். மெலிந்த எலும்பில் பிடிப்பை உயர்த்த, துளையுள்ள திருகின் வழியாகப் பி.எம்.எம்.ஏ. (பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்) எனும் எலும்புச் சிமென்ட் செலுத்தப்படுகிறது. அது வலைப்பின்னல் எலும்பின் இடைவெளிகளுக்குள் ஊடுருவி உறைவதால்தான் பலம் கிடைக்கிறது. மூடிய நுண்ணறை நுரையில் ஒவ்வோர் அறையும் சுவரால் அடைபட்டிருக்கிறது. சிமென்ட் நுழைய வழியில்லை. இதைச் சமாளிக்க முன்கூட்டியே ஒரு குழிவைக் குடைந்து அதில் சிமென்டை நிரப்புகிறார்கள். அப்போது அளக்கப்படுவது பெரும்பாலும் குடைந்தவர் உண்டாக்கிய குழிவின் வடிவம்தான்.

மூன்றாவது, எலும்பு நெரிபடும் முறை. வலைப்பின்னல் எலும்பில் உடைந்த சிறு தூண்கள் மஜ்ஜை நிறைந்த இடைவெளிகளுக்குள் தள்ளப்பட்டுத் திருகைச் சுற்றி நெருக்கமாகின்றன. அத்தூண்களும் எல்லாத் திசைகளிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. உடல் எடையைத் தாங்கும் செங்குத்துத் திசையில் அவை வலுவாக அமைந்திருக்கின்றன. நுரையிலோ அறைச் சுவர்கள் நசுங்கித் துகளாகின்றன. திசை வேறுபாடும் மிகச் சிறிது. கூம்புத் தண்டு கொண்ட திருகுகளின் நெருக்கும் திறனையும், முன்துளையின் அளவையும், மரை வெட்டும் கருவியைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பதையும் ஒப்பிடும்போது இந்த வேறுபாடு முடிவைப் பாதிக்கும். ஆகையால் இவ்வகை ஆய்வுகளை ஒரே தரத்தில் முடித்துவிடாமல், குறைந்தது இரண்டு அடர்த்திகளில் செய்ய வேண்டும். தரம் 20இல் முதலிடம் பெற்ற திருகு தரம் 10இல் இரண்டாமிடத்துக்கு வருமானால், அந்த இட மாற்றமே ஆய்வின் முதன்மையான கண்டுபிடிப்பு. அதை அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடக் கூடாது.

திறந்த நுரையும் வார்த்த முள்ளெலும்பும்

திறந்த நுண்ணறை நுரை, அறைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், சிமென்ட் பரவலை ஓரளவு காட்ட வல்லது. கன சென்டிமீட்டருக்கு 0.12 கிராம் அடர்த்தியுள்ள திறந்த நுரை, கடுமையாக மெலிந்த எலும்பின் தோற்றத்துக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் அதன் தூண்கள் நொறுங்கும் தன்மையுடையவை. கட்டியின் ஓரங்கள் கையாளும்போதே உதிர்ந்துவிடுவதால் பிடிமானத்தில் பொருத்துவதற்குத் தனி ஏற்பாடு தேவை. அறைகளின் அளவு மரையிடைவெளியை நெருங்குவதால், ஒரு மரை தூணில் அமர்கிறதா வெற்றிடத்தில் அமர்கிறதா என்பது தற்செயலாகி, சிதறல் கூடுகிறது. இடைவெளிகள் காற்றால் நிரம்பியிருப்பதையும் மறக்கலாகாது. உண்மை எலும்பில் சிமென்ட் முன்னேற மஜ்ஜையைத் தள்ளியாக வேண்டும். காற்று அந்த எதிர்ப்பைத் தராது. மஜ்ஜைக்கு ஈடாகப் பிசுபிசுப்பான பொருளொன்றை நிரப்பிச் சோதிப்பவர்கள் இதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். சிமென்ட் பற்றிய ஆய்வுக்குச் செயற்கைப் பொருளே வேண்டும் என்றால் மூடிய நுரையை விடுத்துத் திறந்த நுரையைத் தேர்வதில் எனக்குத் தயக்கமில்லை. எனினும் அதில் கிடைக்கும் பரவல் வடிவத்தைப் பார்த்துக் கசிவு ஆபத்தைப் பற்றி எதுவும் சொல்ல முன்வரக் கூடாது.

புறணிக்கு அடர்ந்த தகடும் உள்ளே இலேசான நுரையும் கொண்ட அடுக்குக் கட்டிகளும், முழு முள்ளெலும்பு வடிவில் வார்த்த மாதிரிகளும் சீரான கட்டிக்கும் உண்மை எலும்புக்கும் இடைப்பட்டவை. திருகு நுழையும் இடத்தில் புறணி இருக்கும்போது பிடுங்கு விசை கணிசமாக உயர்வதை அடுக்குக் கட்டி நன்றாகக் காட்டும். வார்த்த முள்ளெலும்பில் உண்மையான நுழைவிடமும் கோணமும் கிடைக்கின்றன. பயிற்சிக்கும் அறுவைக் கருவிகளைச் சரிபார்ப்பதற்கும் அதைவிட ஏற்றது இல்லை. பிடிப்பு வலிமையை அளக்க அதைப் பயன்படுத்துபவர் முதலில் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பயிற்சிக்காக வார்த்த மாதிரிகளில் வடிவத்துக்குத்தான் கவனம் செலுத்தப்பட்டிருக்கும். புறணியின் தடிமனும் உள்நுரையின் அடர்த்தியும் இயந்திரச் சோதனைக்கான வரையறைக்குள் இருக்க வேண்டிய தேவையே அவற்றுக்கு இல்லை. முப்பரிமாண அச்சில் உருவாக்கும் மாதிரிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அடுக்குகள் படிந்த திசையில் அவை எளிதில் பிளந்துவிடுகின்றன.

விலங்கெலும்பு

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. கன்று, பன்றி, ஆடு ஆகியவற்றின் முள்ளெலும்புகள் எளிதில் கிடைக்கின்றன. ஒரே வயது, ஒரே இனம் என்று தேர்ந்தால் சிதறலும் ஓரளவு குறைகிறது. ஆனால் பெரும்பாலானவை இளம் விலங்குகள். எலும்பு மனித முதுமையெலும்பைவிட அடர்ந்தது, வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடாமல் இருக்கும், பெடிக்கிளின் வடிவமும் வேறு. மெலிவைச் செயற்கையாக உண்டாக்க அமிலத்தில் ஊறவைத்துக் கனிமத்தை நீக்கும் முறை உண்டு. அது கனிமத்தைக் கரைக்கிறதே தவிர, தூண்கள் மெலிந்து அறுபட்டுப்போன அமைப்பை உண்டாக்குவதில்லை. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விலங்குக்கு மாற்றில்லை. மேற்பூச்சுள்ள திருகோடு எலும்பு காலப்போக்கில் ஒட்டி வளருமா என்பதை நுரையோ உயிரற்ற மனித எலும்போ காட்ட முடியாது. உயிருள்ள விலங்கில்தான் பார்க்க முடியும். பிடிப்பின் உடனடி வலிமையை மட்டும் ஒப்பிட விலங்கெலும்பைத் தேர்வது, நுரையின் ஒழுங்கையும் மனித எலும்பின் உண்மைத்தன்மையையும் ஒருசேர இழப்பதாகும்.

மனித எலும்பு

உண்மையான பெடிக்கிள், உண்மையான புறணி, உண்மையான மெலிவு ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது இங்கே மட்டும்தான். உடற்கொடையாளர்கள் பெரும்பாலும் முதியோராக இருப்பதால், திருகு தளரும் சிக்கல் மிகுதியாக உள்ள அதே வகை எலும்பு கிடைக்கிறது என்பது நல்வாய்ப்பு. இளைஞரின் எலும்பைப் பற்றிய கேள்விக்கு அதே காரணத்தால் விடை கிடைப்பது அரிது. எலும்பை −20 டிகிரி செல்சியஸில் உறையவைத்துக் காப்பது, சோதனையின்போது உப்புநீரால் ஈரமாகவே வைத்திருப்பது, சோதனைக்கு முன் ஒவ்வொரு முள்ளெலும்பின் அடர்த்தியையும் அளப்பது ஆகியவை அடிப்படைத் தேவைகள்.

மனித எலும்பின் பெருஞ்சிதறலை அடக்க இருக்கும் சிறந்த உத்தி, இணைச் சோதனை: ஒரே முள்ளெலும்பின் இடப்பக்கத்தில் ஒரு திருகு, வலப்பக்கத்தில் மற்றொன்று. எலும்பின் வயதும் அடர்த்தியும் இரண்டு பக்கங்களுக்கும் பொது என்பதால், வேறுபாடு திருகினுடையதாகிறது. ஆயினும் இதில் கவனமாகக் கடக்க வேண்டிய சில இடங்கள் உண்டு. முதல் திருகைப் பிடுங்கும்போது எலும்பு பிளந்தால் இரண்டாம் பக்கம் ஏற்கெனவே பழுதடைந்திருக்கும். ஆகவே எந்தப் பக்கத்தை முதலில் இழுப்பது என்பதை மாற்றி மாற்றி அமைக்க வேண்டும். இரண்டு திருகுகளின் நுனிகளும் உடற்பகுதிக்குள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து வருவதால், ஒரு பக்கத்தில் செலுத்திய சிமென்ட் மறுபக்கத்துத் திருகைச் சென்று பற்றிக்கொள்ளக்கூடும். அது நேரவில்லை என்பதைப் படமெடுத்து உறுதிசெய்ய வேண்டும். ஒருவரின் இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகளும் 10 பெடிக்கிள்களும் இருக்கின்றன. அவற்றை 10 தனித்தனி மாதிரிகளாகக் கணக்கில் எடுப்பது புள்ளியியல் பிழை. அவை ஒருவரிடமிருந்து வந்த ஒன்றுக்கொன்று தொடர்புள்ள அளவீடுகள். கொடையாளர்களின் எண்ணிக்கையைத் தெளிவாகச் சொல்லாத அறிக்கையைப் படிக்கும்போது, முதலில் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான். தம் உடலைக் கொடுத்தவர்களுக்கு ஆய்வாளர் செய்யும் மரியாதையும் இதில் அடங்கியிருக்கிறது; நுரையில் தீர்த்துவிடக்கூடிய ஒரு கேள்விக்காக அந்த எலும்பைச் செலவிடலாகாது என்பது என் நிலைப்பாடு.

எப்படி ஏற்றுவது என்பதும் தேர்வின் பாதி

எலும்பு மாதிரியைச் சரியாகத் தேர்ந்துவிட்டு விசையைத் தவறான திசையில் கொடுத்தால் பயனில்லை. திருகை அதன் அச்சின் வழியே நேராகப் பிடுங்கும் சோதனை ஏ.எஸ்.டி.எம். எஃப் 543இல் வரையறுக்கப்பட்டுள்ளது. நிமிடத்துக்கு 5 மி.மீ. வேகத்தில் இழுப்பதும், 20 மி.மீ. ஆழம் செலுத்துவதும் அதன் விதிகள். எளிது, விரைவானது, எல்லோரும் செய்வதால் ஒப்பிட வசதியானது. ஆனால் நோயாளியின் உடலில் திருகு நேராகப் பிடுங்கப்பட்டு வெளிவருவது அரிது. நடக்கும்போதும் குனியும்போதும் திருகின் தலை மேலும் கீழுமாகச் சிறிது சிறிதாக ஆட்டப்படுகிறது. காரின் கண்ணாடித் துடைப்பான்போல நுனி விசிறி வடிவில் எலும்பை அரித்து இடம் பண்ணிக்கொள்கிறது. பிடிப்புத் தளர்ந்த பிறகே திருகு பின்வாங்குகிறது. ஆகவே, தலை-கால் திசையில் மீண்டும் மீண்டும் விசை கொடுத்து, படிப்படியாக அதை உயர்த்தி, இடப்பெயர்ச்சி எப்போது பெருகுகிறது என்று பார்க்கும் ஆட்டச் சோதனை உடலில் நடப்பதற்கு நெருக்கமானது. இரண்டு சோதனைகளும் ஒரே வரிசையில் திருகுகளைத் தரப்படுத்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது: நேரான பிடுங்கலில் மரையின் வடிவம் பேசும், ஆட்டத்தில் தண்டின் தடிமனும் விறைப்பும் பேசும்.

ஆட்டச் சோதனையைச் சீரான நுரையில் செய்யும்போது ஒரு சிக்கல் எழுகிறது. உண்மை முள்ளெலும்பில் திருகு பெடிக்கிளின் குறுகிய பகுதியைச் சுழல்மையமாகக் கொண்டு ஆடுகிறது. சீரான கட்டியில் அப்படியொரு கெட்டியான இடம் இல்லாததால் சுழல்மையம் வேறெங்கோ அமைந்துவிடுகிறது. ஆகவே ஆட்டச் சோதனைக்கு, நுழையும் பகுதியில் அடர்ந்த அடுக்கு வைத்த கட்டியையோ வார்த்த முள்ளெலும்பையோ பரிந்துரைப்பேன். திருகின் தலை கட்டியின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதையும் எல்லாச் சோதனைகளிலும் ஒன்றாக வைத்திருக்க வேண்டும். அந்தத் தூரமே நெம்புகோலின் நீளம்.

20 மி.மீ. ஆழம் என்ற விதியும் யோசித்துப் பின்பற்ற வேண்டியது. பெடிக்கிள் திருகுகள் பொதுவாக 40 முதல் 50 மி.மீ. வரை நீளமுள்ளவை. நுனிப் பகுதியில் அகன்ற மரையும் தலைப் பக்கத்தில் நெருக்கமான மரையும் கொண்ட இருவகை மரைத் திருகை 20 மி.மீ. மட்டும் செலுத்தினால், நெருக்கமான மரை கட்டிக்கு வெளியே நின்றுவிடும். வடிவமைப்பின் சிறப்பு எதுவோ அதுவே சோதிக்கப்படாமல் போகும். இத்தகைய திருகுகளுக்கு முழு நீளமும் செலுத்திச் சோதித்து, விதியிலிருந்து விலகியதன் காரணத்தை எழுதிவைப்பதே முறை.

செலுத்தும்போது அளக்கும் திருப்பு விசையைப் பிடிப்புக்கு ஈடாகக் கொள்ளலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ஒரே திருகை வெவ்வேறு அடர்த்திகளில் செலுத்தும்போது இரண்டும் சேர்ந்தே உயர்கின்றன. வெவ்வேறு வடிவத் திருகுகளை ஒரே அடர்த்தியில் ஒப்பிடும்போது அந்த உறவை நம்ப முடியாது. மழுங்கிய நுனியும் உராய்வு மிகுந்த மேற்பரப்பும்கூடத் திருப்பு விசையை உயர்த்திவிடும். எனவே அதைத் துணை அளவீடாகப் பதிவுசெய்யலாம். முடிவைத் தீர்மானிக்கும் அளவீடாக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே களைந்துவிட வேண்டும். ஏ.எஸ்.டி.எம். எஃப் 1717 என்ற தரநிலையில் திருகுகளும் கம்பிகளும் இணைந்த முழு அமைப்பும் மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலியெத்திலீன் கட்டிகளில் பொருத்தப்பட்டு 50 இலட்சம் சுழற்சிகள் வரை ஏற்றப்படுகிறது. அந்தக் கட்டிகள் திருகை விடாமல் பிடித்துக்கொள்ளத் தேர்ந்தெடுக்கப்பட்டவை; சோதிக்கப்படுவது உலோகத்தின் அயர்வு வலிமை. அந்தச் சோதனையில் தேறிய திருகு எலும்பில் நன்றாகப் பிடிக்கும் என்று எவரேனும் விளக்கினால், அது ஆதாரமற்ற கூற்று.

எந்தக் கேள்விக்கு எது

மரை, நுனி, தண்டு ஆகியவற்றின் வடிவங்களை ஒப்பிடுபவர், தரம் 10, தரம் 20 ஆகிய இரண்டு மூடிய நுரைகளில் நேரான பிடுங்கலையும், அடுக்குக் கட்டியில் ஆட்டச் சோதனையையும் செய்வது போதுமானது. மெலிவு மிகக் கடுமையான நிலைக்கே திருகு உருவாக்கப்பட்டதென்றால் தரம் 5ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். தளர்ந்த திருகை அகற்றிவிட்டு அதே துளையில் தடிமனான திருகைச் செலுத்தும் மறுசீரமைப்பு முறைகளை ஒப்பிடவும் நுரையே ஏற்றது; ஒரே அளவிலான சேதமடைந்த துளையை மீண்டும் மீண்டும் உருவாக்குவது எலும்பில் நடவாத காரியம். திருகுப் பாதையையோ நுழைவிடத்தையோ ஒப்பிடுபவர் நுரையைத் தாண்டி நேராக மனித எலும்புக்குப் போக வேண்டும். சிமென்டைப் பொறுத்தவரை, திருகின் பக்கத் துளைகளின் இடமும் எண்ணிக்கையும் போன்ற பூர்வாங்கத் தேர்வுகளைத் திறந்த நுரையில் முடித்துக்கொண்டு, எஞ்சிய ஒன்றிரண்டு வடிவங்களை மட்டும் மனித எலும்பில் இணைச் சோதனைக்கு எடுத்துச் செல்லலாம்.

எந்த மாதிரியைத் தேர்ந்தாலும் அறிக்கையில் சில விவரங்கள் விடுபடக் கூடாது: கட்டியின் தர எண்ணோடு அளந்தறிந்த அடர்த்தி, முன்துளையின் விட்டமும் ஆழமும், மரை வெட்டினார்களா இல்லையா, மரை உள்ளே சென்ற நீளம், ஏற்றிய வேகம், தோல்வி என்று எதை வரையறுத்தார்கள் என்பது, நுரை வெட்டுண்டதா பிளந்ததா என்ற தோல்வி வகை. பிடுங்கு விசையை நியூட்டனில் தருவதோடு, அதே கட்டியில் சோதித்த ஒரு பொதுவான ஒப்பீட்டுத் திருகின் விசைக்கு விகிதமாகவும் தந்தால், வேறொரு கூடத்தில் வேறொரு தொகுதி நுரையில் சோதிப்பவர் அந்த விகிதத்தைத் தம்முடைய விகிதத்தோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியும்.